பெட்டி கட்டும் நாட்கள்



சென்ற மாதம் ஒரு சகோதரியிடமிருந்து கடிதம் வந்திருந்தது. பன்னிரண்டு வருடங்களாகக் கணவரோடும் பிள்ளைகளோடும் அறபு நாடொன்றில் வசிப்பவர். இன்னும் இரண்டு மாதத்தில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊருக்கே திரும்பிவிடப் போகிறார்களாம். "மௌலவி, நாங்கள் நல்லபடியாக வந்து சேர துஆச் செய்யுங்கள். பயணத்தில் தொழுகையைச் சுருக்கியும் சேர்த்தும் தொழுவது பற்றி எழுதுங்கள்" என்று கேட்டிருந்தார். கடிதத்தின் கடைசியில், "சாமான் கட்டுவதற்கே நேரம் போதவில்லை. அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்ளக்கூட முடியுமோ தெரியாது" என்று ஒரு வரி.

தொழுகை பற்றிய பதிலை அவருக்குத் தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். அந்தக் கடைசி வரிக்குத்தான் என்னால் இரண்டு வரியில் பதில் எழுத முடியவில்லை. அது என் மனத்தில் ஆறாமல் கிடக்கும் ஒரு விஷயத்தைக் கிளறிவிட்டது. ஆகவே இந்த மாதம் உங்கள் எல்லோரிடமும் அதைப் பற்றியே பேசலாம் என்று எண்ணுகிறேன். நம்மில் வெளிநாட்டு வாசம் தொடாத வீடு எத்தனை இருக்கிறது? கணவர் அங்கே, அல்லது மகன் அங்கே, அல்லது உம்மாவே பிள்ளைகளை விட்டுவிட்டு அங்கே. ஒரு நாள் எல்லோரும் திரும்பத்தான் வேண்டும்.

முதலில் உங்களை எங்கள் கண்டிக்கு அழைத்துச் செல்கிறேன்.

கண்டி நகரிலிருந்து மகாவலி கங்கைப் பக்கமாகப் போனால் ஹல்லொலுவ வீதி வரும். அந்த வீதியில் ஒரு பழைய பெரிய வீடு இருக்கிறது. இன்று அது ஒராபி பாஷா கலாசார நிலையம். எங்கள் அறபுக் கல்லூரியில் புதிதாகச் சேரும் மாணவர்களை ஒரு முறையாவது அங்கே கூட்டிக்கொண்டு போவது என் வழக்கம். மிஸ்ர் நாட்டின் சரித்திரத்தைப் பாடப் புத்தகத்தில் படிக்கிற பிள்ளைகள், அந்தச் சரித்திரத்தின் ஒரு துண்டு தங்கள் ஊரிலேயே கிடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கட்டுமே என்பதற்காக.

யார் இந்த ஒராபி பாஷா? அறபியில் அஹ்மத் உராபி. 1841இல் மிஸ்ரின் ஷர்க்கிய்யா மாகாணத்தில், ஸகாஸீக் என்ற ஊருக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தவர். விவசாயிகளின் பிள்ளை. சிறு வயதில் அல்-அஸ்ஹரில் ஓதியவர். பின்னர் இராணுவத்தில் சேர்ந்து கர்னல் பதவி வரை உயர்ந்தார். மிஸ்ரின் ஆட்சியும் பெரிய பதவிகளும் துருக்கிய வமிசத்தாரிடமும், கஜானா ஐரோப்பியக் கடன்காரர்களிடமும் கிடந்த காலம் அது. "மிஸ்ர் மிஸ்ரியருக்கே" என்ற கோரிக்கையோடு எழுந்த இயக்கத்துக்கு அவர் தலைவரானார். 1882இல் ஆங்கிலேயப் படை வந்து இறங்கியது. அவ்வருடம் செப்டம்பர் 13ஆம் தேதி தல்லுல் கபீர் என்ற இடத்தில் நடந்த சண்டையில் உராபியின் படை தோற்றது. அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்பு அது ஆயுள்கால நாடுகடத்தலாக மாற்றப்பட்டது. சொத்துக்கள் பறிமுதலாயின.

எங்கே அனுப்புவது? ஆங்கிலேயருக்கு அது ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. 1815இல் கண்டி இராச்சியத்தைப் பிடித்தபோது கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைத் தமிழ்நாட்டு வேலூருக்குக் கொண்டுபோய் வைத்தவர்கள் அவர்களே. கண்டி மன்னர் வேலூரிலேயே 1832இல் இறந்தார். இப்போது மிஸ்ரியரை இலங்கைக்குக் கொண்டு வந்தார்கள். உராபியும் அவருடைய தோழர்களான ஆறு பாஷாக்களும் குடும்பங்களோடு 'மரியோட்டிஸ்' என்ற கப்பலில் 1883 ஜனவரி 10ஆம் தேதி கொழும்பில் வந்து இறங்கினார்கள். உராபிக்கு அப்போது நாற்பத்தொரு வயது.

சகோதரிகளே! ஒரு நிமிடம் அந்தக் கப்பலில் வந்த பெண்களை எண்ணிப் பாருங்கள். சரித்திரப் புத்தகங்கள் பாஷாக்களின் பெயர்களைத்தான் சொல்கின்றன. ஆனால் வீடு என்பது பெண்கள் அல்லவா? உராபியின் வீட்டுப் பெண்களைப் பற்றி நாம் சிறிதளவு அறிவதே ஒரு பெண்ணால்தான். அயர்லாந்தைச் சேர்ந்த கிரிகரி சீமாட்டி 1882இல் கெய்ரோவில் அவர்கள் வீட்டுக்குப் போய் உராபியின் தாயாரையும் மனைவியையும் சந்தித்து, அந்த வீட்டின் எளிமையையும் அந்தப் பெண்களின் கவலையையும் ஆங்கிலப் பத்திரிகையில் எழுதினார். 'இவர் ஒரு கொடியவர்' என்று லண்டனில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு விருந்தாளிப் பெண் அடுக்களை வரை போய்ப் பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னார்.

மொழி தெரியாத நாடு. பழக்கமில்லாத மழை. ரொட்டிக்குப் பதிலாகச் சோறு. வந்தவர்களுக்கு இங்கே கிடைத்த ஒரே சொத்து அயலவர்கள்தாம். இலங்கை முஸ்லிம்கள் அவர்களைக் கைதிகளாக நினைக்கவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளிகளாகவே நினைத்தார்கள். அவர்களில் முதன்மையானவர் எங்கள் கண்டியின் மைந்தர், வழக்கறிஞர் முஹம்மது காசிம் சித்தி லெப்பை அவர்கள். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்தவர். 1885இல் 'அஸன்பேயுடைய சரித்திரம்' என்ற நாவலை வெளியிட்டவர். பெண்பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே கண்டியில் பாடுபட்டவர். மிஸ்ரிலிருந்து வந்த பாஷாவும் கண்டியின் வழக்கறிஞரும் கொழும்பின் வாப்பிச்சி மரிக்காரும் சேர்ந்து உட்கார்ந்து பேசிய பேச்சின் பலனை இன்றும் நாம் அனுபவிக்கிறோம். 1884இல் ஹமீத் அல் ஹுஸைனிய்யா பாடசாலை எழுந்தது. 1892 ஆகஸ்ட் 22ஆம் தேதி மருதானைப் பள்ளிவாசலருகே அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா தொடங்கியது. இன்றைய கொழும்பு ஸாஹிராக் கல்லூரி அதுவே.

கவனித்தீர்களா? தான் என்றைக்கு ஊர் திரும்புவோம் என்று தெரியாத ஒருவர், தன் பிள்ளைகள் படிப்பார்களோ மாட்டார்களோ என்று பாராமல், அயலவர் பிள்ளைகளின் படிப்புக்காகக் கவலைப்பட்டிருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலர், "இது நமக்கு நிரந்தரமா? நாலு காசு சேர்த்தோமா, போனோமா" என்றுதான் இருக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கொழும்பின் வெக்கை பாஷாக்களின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1892 அளவில் உராபி குளிர்ச்சியான கண்டிக்குக் குடிமாறினார். ஹல்லொலுவ வீதி வீடு அப்போது அமைந்ததுதான். கண்டியிலே முஸ்லிம்களுக்கு வேர் பழையது. கரையோரத்தில் போர்த்துக்கீசரால் துரத்தப்பட்ட நம் முன்னோருக்கு அந்நாளில் மலைநாட்டில் இடம் கொடுத்தவர்கள் கண்டிச் சிங்கள மன்னர்கள். அப்படி இடம் பெற்றவர்களின் பேரப்பிள்ளைகள், நாடிழந்து வந்த இன்னொருவருக்கு இடம் கொடுத்தார்கள். உராபி அணிந்த துருக்கித் தொப்பி ஊரெல்லாம் பரவியது என்பார்கள். பின்னாளில், 1905இல், வழக்கறிஞர் அப்துல் காதர் அவர்கள் அந்தத் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் நின்று வழக்காடும் உரிமைக்காகப் போராடியபோது நாட்டு முஸ்லிம்கள் முழுப்பேரும் அவர் பின்னால் நின்றது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது கடைசி நாட்களைப் பற்றி.

ஏழு பாஷாக்களும் ஒன்றாக வந்தார்களே, ஒன்றாகத் திரும்பவில்லை. அப்துல் ஆல் ஹில்மி 1891இல் கொழும்பில் வஃபாத்தானார். மஹ்மூத் ஃபஹ்மி 1894இல் கண்டியில். யாகூப் ஸாமி 1900இல் கண்டியில். மூவர் இந்த மண்ணுக்கே சொந்தமாகிவிட்டார்கள். மஹ்மூத் ஸாமி அல்-பாரூதியை எங்கள் அறபுக் கல்லூரிப் பிள்ளைகள் இலக்கியப் பாடத்தில் படிக்கிறார்கள். 'வாளுக்கும் எழுதுகோலுக்கும் எசமானர்' என்று அறபிகள் அழைக்கும் பெருங்கவிஞர். அவர் இங்கே இருக்கும்போதே ஊரில் அவர் மனைவி இறந்த செய்தி வந்தது. அந்த அம்மையாருக்காக அவர் பாடிய இரங்கற்பா அறபு இலக்கியத்தில் பேர் பெற்றது. பின்பு தோழர் யாகூப் ஸாமியின் மகளை இங்கேயே மணந்தார். கண் பார்வை மங்கிப்போன நிலையில் 1899இல் அவருக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது. இன்னொருவரும் நோயாளியாக முன்னரே போய்விட்டார். எஞ்சியவர்கள் இருவரே.

நல்ல அயலவரான சித்தி லெப்பை அவர்களும் 1898இல் இறையடி சேர்ந்துவிட்டார்கள்.

1901 ஏப்ரல் மாதம் பிரித்தானிய இளவரசர், பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர், இலங்கைக்கு வந்தபோது கண்டிக்கும் வந்தார். உராபி தம் விடுதலைக்கான வேண்டுகோளை அவரிடம் வைத்தார். மே மாதம் மிஸ்ரின் ஆட்சியாளர் கதீவ் இரண்டாம் அப்பாஸ் மன்னிப்பு வழங்கினார். செப்டம்பரில் கப்பல். அக்டோபர் முதல் தேதி மிஸ்ர் மண்ணில் கால் வைத்தார். நாற்பத்தொரு வயதில் வந்தவர் அறுபது வயதில் திரும்பினார். பதினெட்டு வருடமும் எட்டு மாதமும் கழிந்துவிட்டன.

மன்னிப்புச் செய்திக்கும் கப்பலுக்கும் இடையில் ஏறத்தாழ நான்கு மாதம். அந்த வீட்டின் முற்றத்தில் நிற்கும்போதெல்லாம் அந்த நான்கு மாதத்தைத்தான் நான் நினைப்பேன். வீட்டைக் காலி செய்வது சும்மா இல்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கண்டிதானே ஊர்? அவர்களுக்கு மிஸ்ர் என்பது வாப்பா சொன்ன கதை. 'ஊருக்குப் போகிறோம்' என்று பெற்றோர் சொல்ல, 'ஊரை விட்டுப் போகிறோம்' என்று பிள்ளைகள் அழும் வீடு அது. உங்களில் எத்தனை பேர் வீட்டில் இதே அழுகையைக் கேட்டிருக்கிறீர்கள்! ரியாதிலும் தோஹாவிலும் பிறந்த பிள்ளை விமானத்தில் ஏறும்போது ஏன் அழுகிறது என்று பெரியவர்களுக்கு விளங்குவதில்லை. அதன் கூட்டாளியும் அதன் பள்ளிக்கூடமும் அதன் மாடிப்படியும் அங்கே அல்லவா இருக்கின்றன?

அடுத்து நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். திரும்பிய உராபிக்கு அவர் ஊரில் என்ன கிடைத்தது தெரியுமா? நாட்டுக்காக எல்லாவற்றையும் இழந்தவர் என்று மாலை போடவில்லை. 'ஆங்கிலேயர் உள்ளே வந்ததே இவரால்தான்' என்று புதிய தலைமுறை ஏசியது. பத்திரிகைகள் தாக்கின. அஹ்மத் ஷவ்கி போன்ற பெருங்கவிஞரே அவருடைய வருகையை இகழ்ந்து கவிதை எழுதினார். சுமார் பத்து வருடம் ஒதுங்கி வாழ்ந்து, 1911 செப்டம்பர் 21ஆம் தேதி உராபி காலமானார். 1952 புரட்சிக்குப் பிறகுதான் மிஸ்ர் அவரை மீண்டும் தன் வீரராகப் போற்றியது. இன்று கெய்ரோவில் அவர் பெயரில் சதுக்கமும் ரயில் நிலையமும் இருக்கின்றன. இகழ்ந்து பாடிய ஷவ்கியையும் 1915இல் ஆங்கிலேயர் நாடு கடத்தினார்கள். ஸ்பெயின் நாட்டிலே ஊர் நினைவால் உருகிக் கவிதை பாடிக்கொண்டிருந்தார். நாடிழந்தவனின் வேதனை அப்போது அவருக்கும் தெரிந்திருக்கும்.

இதை ஏன் சொல்கிறேன்? 'சொந்த ஊர்தான் நமக்கு எல்லாம். இங்கே இருப்பவர்கள் இடையில் வந்தவர்கள்' என்று வெளிநாட்டு அயலவரைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள் என்பதற்காக. சில நேரம் சொந்த ஊர் கொடுக்காத மரியாதையை அந்நிய ஊர் கொடுக்கிறது. உராபியைச் சொந்த நாடு வைதுகொண்டிருந்தபோது, இலங்கை முஸ்லிம்கள் தம் பாடசாலைகளின் வரலாற்றில் அவர் பெயரை எழுதி வைத்திருந்தார்கள்.

அயலவர் நேசம் தானாக நிலைத்து நிற்கும் என்றும் நினைக்க வேண்டாம். உராபி போய்ப் பதினான்கு வருடத்தில், 1915 மே மாதக் கடைசியில், இதே கண்டி நகரில்தான் சிங்கள முஸ்லிம் கலவரம் மூண்டு நாட்டின் பல பாகங்களுக்கும் பரவியது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் நம் வீடுகளும் கடைகளும் எரிந்ததை நீங்களே அறிவீர்கள். அதே நாட்களில் முஸ்லிம் வீடுகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் காவலாக நின்ற சிங்கள அயலவர்களும் இருந்தார்கள். இரண்டும் உண்மை. அயலவர் உறவு அடுப்பு நெருப்பு மாதிரி. தினமும் ஒரு விறகு வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அணைந்துவிடும், அல்லது வேறு எவனாவது வந்து வீட்டையே எரிக்கும் நெருப்பாக அதை ஊதிவிடுவான்.

இனி என் கதைக்கு வருகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பிறருக்குப் பாடமாகட்டும்.

ஓதி முடித்துப் பட்டம் பெற்ற பின் நான் ஏழு வருடம் ஜித்தாவில் இருந்தேன். கல்யாணமாகி இரண்டாம் வருடம் மனைவியையும் அழைத்துக்கொண்டேன். நான்கு மாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடி. எதிர்வீட்டில் ஒரு மிஸ்ரிக் குடும்பம். கணவர் பள்ளிக்கூட ஆசிரியர். அந்த அம்மையாரை என் மனைவி 'காலா' என்று கூப்பிடுவாள். நம் வழக்கில் சாச்சி, பெரியம்மா என்பது போல. முதல் நாள் "எந்த ஊர்?" என்று கேட்டார்கள். "ஸீலங்கா" என்றேன். புரியவில்லை. "ஸரன்தீப்" என்றேன். உடனே ஆசிரியரின் முகம் மலர்ந்துவிட்டது. "எங்கள் உராபியை வைத்துப் பார்த்த ஊரல்லவா! நாங்கள் ஸகாஸீக்காரர்கள். அவர் எங்கள் மாகாணத்துக்காரர்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நூறு வருடத்துக்கு முன்னர் எங்கள் ஊரார் செய்த உபசாரத்தின் வட்டி எனக்குக் கிடைத்தது. ஆம், இந்த ஒரு வட்டி மட்டும் ஹலால்!

எங்கள் மூத்த மகள் அங்கேதான் பிறந்தாள். உம்மா இல்லை, மாமி இல்லை. நாற்பது நாளும் அந்தக் காலாதான் என் மனைவிக்குத் தாய். காலையில் குழந்தையைக் குளிப்பாட்டுவார். பகலில் ஒரு செம்புப் பாத்திரத்தில் கோழி ஷோர்பா வரும். என் மனைவிக்கு அறபு அரைகுறை. அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் இரண்டு பேரும் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருப்பார்கள். பெருநாளைக்கு நாங்கள் வட்டிலப்பம் கொடுப்போம். அவர்கள் முலூகிய்யாக் கீரை கொடுப்பார்கள். அது வழவழவென்று இருக்கிறது என்று முதலில் முகம் சுளித்தோம். பின்னர் அவர்கள் சமைக்கும் மணம் வந்தாலே பிள்ளை தட்டை எடுத்துக்கொண்டு ஓடும்.

ஊர் திரும்பும் முடிவு வந்தது. கடைசி மாதம் எப்படிப் போனது தெரியுமா? போர்வை வாங்க ஒரு நாள். மாமிக்கு அபாயா வாங்க ஒரு நாள். சொந்தக்காரர் எவருக்கும் குறை வரக்கூடாதே என்று சென்ட் போத்தல், பால்மா, டோர்ச் லைட். பெட்டி கட்டுவது, தராசில் வைப்பது, எடை கூடிவிட்டது என்று பிரிப்பது, மீண்டும் கட்டுவது. கடைசி வாரம் காலா கதவைத் தட்டி, "வியாழன் இரவு இஷாவுக்குப் பின் எங்கள் வீட்டில் தேநீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். "இன்ஷா அல்லாஹ்" என்றோம். வியாழன் இரவு நான் எங்கே நின்றேன்? கார்கோக் கடையில். இரண்டு பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். வீடு வந்தபோது நடுநிசி. விடியற்காலை விமானம். எதிர்வீட்டுக் கதவின் கீழே விளக்கு வெளிச்சம் தெரிந்தது. "இந்த நேரத்தில் தட்டுவது அழகில்லை, ஊர் போய் டெலிபோன் பண்ணலாம்" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு படியிறங்கினாள்.

ஊர் வந்து ஒன்றரை மாதத்தில் கார்கோப் பெட்டிகள் வந்தன. மூன்றாவது பெட்டியைத் திறந்ததும் என் மனைவி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போர்வைக்குள் சுற்றியபடி அந்தச் செம்புப் பாத்திரம். அவசரத்தில் எங்கள் சாமானோடு சேர்ந்து வந்துவிட்டது. அது அவர்களின் பொருள். எங்களிடம் இருந்த அமானிதம்.

இங்கே ஒரு விஷயத்தை நினைவூட்டுகிறேன். நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்பட்ட இரவு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். கொல்லக் காத்து நிற்கிறார்கள். உயிர் தப்பப் போகிற நேரம். அந்த நேரத்திலும் தம்மிடம் பொருள் கொடுத்து வைத்திருந்தவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரலி) அவர்களை நிறுத்திவிட்டுப் போனார்கள். பொருளுக்குச் சொந்தக்காரர் யார்? பெரும்பாலும் அவர்களை எதிர்த்த அதே மக்காவாசிகள்! ஓர் ஊரை விட்டுப் போவது எப்படி என்பதற்கு இதைவிட என்ன பாடம் வேண்டும்? இதை எத்தனை மேடையில் நான் பயான் செய்திருக்கிறேன்! என் பெட்டிக்குள் அயலவர் பாத்திரம் கிடந்தது.

டெலிபோன் பண்ணினேனா? பண்ணினேன், நாலு மாதம் கழித்து. அதற்குள் அந்த வீட்டில் வேறு குடும்பம் வந்துவிட்டது. அவர்களும் மிஸ்ர் போய்விட்டார்களாம். என் மனைவி அந்தப் பாத்திரத்தில் ஒரு நாளும் சமைக்கவில்லை. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து அலுமாரி மேல் வைத்திருந்தாள். உரியவர் கிடைக்காத அமானிதத்தின் பெறுமதியை அவர் பேரால் ஸதகா செய்துவிடலாம் என்று சட்டம் சொன்னேன். "தேடிப் பார்த்துக் கிடைக்காவிட்டால்தானே அந்தச் சட்டம்? நீங்கள் தேடினீர்களா?" என்று கேட்டாள். மௌலவிக்குப் பதில் இல்லை.

பல வருடம் கழித்து என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் அல்-அஸ்ஹருக்கு மேற்படிப்புக்குப் போனார். பாத்திரத்தை அவரிடம் கொடுத்து, ஆசிரியரின் பெயரையும் ஊரையும் எழுதிக் கொடுத்தோம். ஒரு விடுமுறையில் அவர் ஸகாஸீக் போய், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக விசாரித்து, வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார். அன்றிரவு டெலிபோனில் அவர் சொன்னதை நான் அப்படியே சொல்கிறேன்.

ஆசிரியரும் காலாவும் இறந்துவிட்டார்கள். அன்று பத்து வயதாக இருந்த மகள் இருந்தார். பாத்திரத்தை நீட்டினாராம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்களுடையதா? எனக்கு நினைவில்லையே" என்றாராம். ஆனால் எங்களை நினைவிருந்தது. "ஸரன்தீப்காரர்கள். எங்கள் உம்மா அவர்களுக்காகத் தேநீர் வைத்துக்கொண்டு விடியும்வரை விளக்கை அணைக்காமல் இருந்தார். 'என்ன பிழை செய்தோம், சொல்லாமல் போய்விட்டார்களே' என்று ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தார்" என்றாராம். பிறகு அந்த மாணவரை உட்கார வைத்து, "அந்தத் தேநீரை நீயாவது குடித்துவிட்டுப் போ" என்று சொல்லி ஊற்றிக் கொடுத்தாராம்.

சகோதரிகளே! இத்தனை வருடம் நாங்கள் பாத்திரத்தைப் பற்றி அழுதுகொண்டிருந்தோம். அது அவர்களுக்கு ஞாபகத்திலேயே இல்லை. அவர்கள் மனத்தில் இருந்தது வராமல் போன அந்த ஒரு மணி நேரம். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த மணி நேரத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பேன்? அதை மன்னிக்க வேண்டியவர் மண்ணுக்குள் இருக்கிறார்.

கடிதம் எழுதிய சகோதரிக்கும், அவரைப் போல் பயணத்துக்குக் காத்திருக்கும் மற்றவர்களுக்கும் நான் சொல்வது இதுதான்.

பெட்டி கட்டுவதைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். அதை முன்னதாக முடித்துவிட்டு, கடைசி வாரத்தை மனிதர்களுக்கு ஒதுக்குங்கள். ஊருக்குக் கொண்டுபோக ஒரு போர்வை குறைந்தால் மாமி ஒரு நாள் முணுமுணுப்பார், அவ்வளவுதான்.

இரவல் வாங்கிய பாத்திரம், புத்தகம், பிள்ளையின் சைக்கிள், கடையில் இருக்கும் சில்லறைக் கடன் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொடுத்துத் தீருங்கள். உங்களிடம் மற்றவர் வாங்கியதை, முடியுமானால் விட்டுவிடுங்கள்.

பக்கத்து வீட்டார் முஸ்லிமோ, இந்துவோ, கிறிஸ்தவரோ, பௌத்தரோ, எல்லோர் கதவையும் தட்டுங்கள். ஜிப்ரீல் (அலை) அவர்கள் அயலவரைப் பற்றி வலியுறுத்திக்கொண்டே இருந்ததால், அவருக்கு வாரிசுரிமையும் வந்துவிடுமோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணும் அளவுக்கு அந்த உரிமை பெரியது. மனஸ்தாபம் ஏதும் இருந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். விமானம் ஏறிய பின் அது முடியாது.

கடைசியாக ஏதாவது கொடுங்கள். பெரிதாக வேண்டியதில்லை. அயல்வீட்டுக்காரி கொடுப்பது ஆட்டுக் குளம்பாக இருந்தாலும் அதை அற்பமாக எண்ண வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் பெண்களை விளித்தே சொன்னார்கள். ஒரு கிண்ணம் வட்டிலப்பம் போதும். கொடுக்கும்போது உட்காருங்கள். அவர்கள் வைக்கும் தேநீரைக் குடியுங்கள்.

பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் அழுதால் அழ விடுங்கள். நன்றி என்பது என்ன என்று அந்த அழுகையில்தான் படிக்கிறார்கள்.

இன்னொன்று, ஊரில் இருப்பவர்களுக்கு. உங்கள் தெருவுக்கு வெளியூரிலிருந்து ஒரு குடும்பம் வாடகைக்கு வந்திருக்கலாம். மாற்றலாகி வந்த ஆசிரியையாக, தோட்டப்புறத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பமாக, பல்கலைக்கழகத்தில் படிக்கும் அந்நிய நாட்டுப் பிள்ளையாக இருக்கலாம். இன்று நீங்கள் அனுப்பும் ஒரு கோப்பை கஞ்சிக்கு, நூறு வருடம் கழித்து எந்த நாட்டிலோ உங்கள் பேரப்பிள்ளைக்கு ஒரு கதவு திறக்கலாம். எனக்குத் திறந்தது அப்படித்தான்.

பயணம் போகும் சகோதரியே! உங்கள் வீட்டார் எல்லோரும் சுகமாக ஊர் வந்து சேர அல்லாஹ் அருள்வானாக. வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எத்தனை பெட்டி வந்தது என்று வேண்டாம். எத்தனை வீட்டில் தேநீர் குடித்தீர்கள் என்று எழுதுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.